விருப்பமிருந்தால் பதியலாம்

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருளை எழுதி, எழிலரசன் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தான். எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்று தெரிந்துகொள்ள, விருப்பமுள்ளவர்கள் பெயர் பதிய ஒரு பக்கம் வைத்தான். இரண்டு மாதமாகியும் ஒருவரும் பதியவில்லை. "ஒரு பேரு எழுதக்கூட மனசு வரல பாரு," என்று மனைவி வான்மதியிடம் பொருமினான். மறுநாள் தென்காசியிலிருந்து சேவியர் என்ற பார்வையற்ற ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "இங்க பார்வையில்லாத நாங்க நாப்பது பேரும் உங்க பக்கத்துல பதிய தெனம் முயற்சி பண்ணுதோம் சார். பேரு, ஊரு எல்லாம் அடிச்சிருதோம். கடைசில, நீங்க மனுசன்தான்னு காட்ட பஸ் இருக்க படத்தைத் தொடுங்கன்னு சொல்லுது. அதுல எது சார் பஸ்ஸு?" எழிலரசன் அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, தன் பெயரை அடிக்கத் தொடங்கினான்.