மேஜைமேல் ஹெட்போன்

மாடிப்படி இறங்கிய வேகத்தில் நாத்தனாரின் ஒரு செருப்பு பாதியிலேயே கழன்றுவிட்டது.

அதை எடுக்கக்கூட அவள் நிற்கவில்லை. அத்தனை கோபம்.

மாடியில் பில் போடும் வேலை அவளுக்கு. அதே கம்பெனியில், கீழே கூடத்தில், வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வரும் புகார்களைப் போனில் கேட்டு வாங்குகிற வேலை அவளுடைய தம்பி மனைவிக்கு.

பக்கத்து வீட்டுக்காரி இப்போதுதான் போன் செய்தாள். தம்பி வீட்டில் இருக்கும் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாளாம். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம்.

தம்பி வெளியூரில். தம்பி மனைவிக்கு அடித்தால் எங்கேஜ்டு. மறுபடி அடித்தாலும் எங்கேஜ்டு.

'மகாராணி யாரோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறாள்?' என்று பல்லைக் கடித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மகாராணி கேட்டிருந்தாள். அத்தையைப் பகலில் தனியாக விட்டுவரப் பயமாக இருக்கிறது அண்ணி, கொஞ்ச நாள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்களேன் என்று. என் வீட்டில் இடமேது என்று நாத்தனார் பேச்சை வெட்டிவிட்டாள். அது இப்போது முள்ளாகக் குத்தியது. தன் முள்ளைத் தன்னுடையது என்று யார்தான் ஒப்புக்கொள்கிறோம், கண்ணுகளா? அதையும் சேர்த்துத் தம்பி மனைவி கணக்கில்தான் எழுதினாள்.

கீழ்க்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காதில் ஹெட்போன் இருந்தால் கிட்டே போய்ப் பேசக்கூடாது. லைனில் கஸ்டமர் இருப்பார். கழற்றி மேஜைமேல் வைத்திருந்தால் ஆள் சும்மா இருக்கிறாள்.

தம்பி மனைவியின் ஹெட்போன் மேஜைமேல் இருந்தது.

கூந்தலை முன்னால் வழியவிட்டு, மடியைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். மூச்சு இரைத்தது.

"அம்மா விழுந்துட்டாங்கடி. மண்டையில அடி. இருக்காங்களா இல்லையான்னே தெரியல."

தம்பி மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பாடா! இப்பதான் எனக்கு நிம்மதி."

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நாத்தனாருக்குக் கண் இருட்டியது.

"அடிப்பாவி! நிம்மதியா உனக்கு? கட்டில் எப்ப காலியாகும்னு காத்துக்கிட்டு இருந்தவதானே நீ! அவங்களா விழுந்தாங்களா, இல்ல தள்ளிவிட்டுட்டு வந்தியா?"

கூடமே திரும்பியது. லைனில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயடைத்துப் போனார்கள். சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்தார்.

நாத்தனார் நிறுத்தவில்லை. கல்யாணத்தன்று கொடுக்காத மரியாதையில் ஆரம்பித்து, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வாரி இறைத்தாள். போதாதென்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

உலுக்கியதில் கூந்தல் விலகியது. உள்ளேயிருந்து மெல்லிய இயர்போன் வயர் ஒன்று, மடியிலிருந்த போனிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு, நழுவி விழுந்தது.

கூடத்துக்குள் சொந்த போன் பேசினால் வேலை போய்விடும். அவசரமென்றால் அங்கிருக்கிற பெண்கள் கூந்தலுக்குள் வயரை ஒளித்துக்கொண்டுதான் பேசுவார்கள். மாடியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரி முதலில் கூப்பிட்டது அவளைத்தான். அதிலிருந்து அந்த வயரைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை அவள். ஆம்புலன்ஸ்காரரோடு, அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸோடு. கண் முழித்துவிட்டார்கள், பேசுகிறார்கள், இதோ கொடுக்கிறேன் என்று நர்ஸ் சொன்ன நேரம்தான் நாத்தனார் பின்னால் வந்து நின்ற நேரம்.

மடியிலிருந்த போனில் இப்போது ஒரு குரல். தேய்ந்த குரல்தான். கூடம் அடங்கிக் கிடந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும்மா அங்க அப்படிக் கத்தறது? உன்னையா திட்டறாங்க?"

பெற்ற மகளின் குரல் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் ஒரு சொல் வந்தால் தெரிந்துவிடும்.

தம்பி மனைவி போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றதை அவள் சட்டை செய்யவில்லை. நாத்தனார் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கண்ணில் தீ எரிந்தது. குரலில் மட்டும் அது இறங்கவில்லை.

"யாரோ கஸ்டமர், அத்தை. மெஷின் கெட்டுப்போச்சாம், கத்தறாங்க. நீங்க படுங்க."