பத்து மணி மாத்திரை

பாலுசாமி போட்டிருந்தது மகனுடைய சட்டை. தோள் இரண்டும் தொங்க, கை விரல்வரை வந்து விழ, எழுபத்துநாலு வயதில் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்த்த பிள்ளைபோல டாக்டர் நவ்யாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதையே பாருங்க டாக்டர்," என்றான் மகன் மதன்குமார். "என்ற சட்டைய மாட்டிட்டு வந்துருக்கறாரு. கார்ல ஏறுன பொறவுதான் நானே பாத்தேன்."

பெருந்துறையிலிருந்து கோயமுத்தூருக்குக் காலையிலேயே கிளம்பி வந்திருந்தார்கள். அப்பாவுக்குப் புத்தி மட்டுப்பட்டுவிட்டது என்று டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தால், நூல் மில்லைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது மகனின் யோசனை. மில்லுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டால் மறுநாளே செத்துப்போவோம் என்பது பெரியவரின் பயம்.

"ஒரு நிமிசம் கண்ணு," என்று குறுக்கே வந்தார் பெரியவரின் மனைவி சென்னியம்மாள். மடியில் இருந்த வயர் கூடைக்குள் கையை விட்டு, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். "ஏனுங்க, பத்து மணி சக்கர மாத்திர."

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டினார், வாங்கினார், விழுங்கினார். கொடுத்து வைத்த மனுஷன் என்று டாக்டர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

மகன் குற்றப்பத்திரிகையை ஆரம்பித்தான். "போன மாசம் ஈரோட்டுல ஒரு கண்ணாலமுங்க. அது முடிஞ்ச அடுத்த நாள், மொய்க் கவரோட போயி நின்னுட்டு, பந்தல் பிரிக்கறவங்ககிட்ட மாப்பள எங்கீங்கன்னு கேட்டுருக்கறாரு. ஊரே சிரிக்குது. பத்து நாளைக்கு முந்தி, அளவுக்கு மேல மாத்திரைய முழுங்கிப்போட்டு, சக்கர எறங்கி, மில்லு வாசல்லயே உளுந்துட்டாரு. இவர நம்பி எப்பிடிங்க மில்ல உடறது?"

பெரியவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனையும் நடந்ததுதான்.

டாக்டர் சோதனையைத் தொடங்கினார். கிழமை, தேதி, மாதம் எல்லாம் சரியாக வந்தன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடகடவென்று இரண்டுவரை இறங்கிவிட்டு, "இதுக்கு மேல கழியாதுங்க" என்று நிறுத்தினார் பெரியவர். கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னதற்கு, முள் நுனியில் அம்புக்குறிகூடப் போட்டுக் கொடுத்தார்.

மதன்குமாருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஊட்டு வேலையில கேளுங்க டாக்டர். ஒரு காப்பி வெச்சுக் குடிக்கத் தெரியாது."

"காப்பி போடத் தெரியாதுங்களாய்யா?"

"தெரியாதுங்க."

"எப்ப இருந்துங்க?"

"பொறந்ததுல இருந்துங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் சென்னியம்மாளின் கை மறுபடி கூடைக்குள் போனது.

"ஒரு நிமிசம் கண்ணு. ஏனுங்க, பத்து மணி சக்கர மாத்திர."

பெரியவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார், வாங்கினார். அது வாய்க்குப் போவதற்குள் டாக்டர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இந்தச் சட்டைய யாரு எடுத்துக் குடுத்தாங்க?"

"இதுதானுங்க எடுத்து வெக்கும்," என்று மனைவியைத் தாடையால் காட்டினார்.

"கல்யாணத் தேதி?"

"பத்திரிக்கயப் பாத்து இதுதானுங்க சொல்லும். நாப்பத்தெட்டு வருசமா எல்லாம் இதுதானுங்க. நான் மில்ல மட்டும்தான் பாத்துக்குவேன்."

டாக்டர் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சென்னியம்மாள் பக்கம் நகர்த்தினார். "அம்மா, நீங்களும் ஒரு கடியாரம் வரஞ்சு குடுங்க."

"எனக்கெதுக்குங்க அம்மணி? எனக்கென்ன சீக்கா?" என்றாலும் வரைந்தார். வட்டம் கோணாமல் வந்தது. அப்புறம் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எல்லா எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். முள்ளை எங்கே வைப்பதென்று தெரியாமல், பேனாவைப் பிடித்தபடி கணவனைப் பார்த்தார். அவரிடம் உதவி கேட்டு அந்த அம்மாள் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர்," என்றான் மதன்குமார். குரல் இறங்கியிருந்தது. "ஊட்டுல எல்லாத்தையும் அவங்கதானுங்க பாத்துக்கறாங்க."

"எத்தன நாளா இப்பிடி இருக்கறாங்க?"

தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாளை யாராவது கவனித்திருந்தால்தானே நாள் சொல்ல முடியும்.

"ஐயா, உங்க மூளைக்கு ஒரு கொறையும் இல்ல. மில்ல நீங்களே தாராளமாப் பாக்கலாம்," என்றார் டாக்டர். "அம்மாவுக்குத்தான் மறதி நோய் ஆரம்பிச்சிருக்கற மாதிரி தெரியுது. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். இனிமே அடுப்பு, மாத்திர எதையும் அவங்க பொறுப்புல விடாதீங்க."

பெரியவர் தன் கையைப் பார்த்தார். விழுங்காத மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது. கண் கலங்கிவிட்டதைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப, எனக்கு இனி மாத்திர யாருங்க எடுத்துக் குடுப்பாங்க?"