காசிராஜன் அண்ணாச்சியின் வாக்கு

விருதுநகர் மொத்த மார்க்கெட்டில் டீக்கடை வைக்க ஜெபக்கனி கேட்ட இடம், வியாபாரிகள் சங்கக் கமிட்டியின் மின்னஞ்சல் வாக்கெடுப்பில் மாட்டிக்கொண்டது. மின்னஞ்சல் வாக்கில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் தோற்றுவிடும். உறுப்பினர்கள் யாரும் இப்போது தாங்களே வாக்களிப்பதில்லை. அவரவர் குணத்தைப் படித்துவைத்திருக்கும் பதிலாள் இயந்திரம் போட்டுவிடும்.

எல்லாப் பதிலாட்களும் சரி என்றன. காசிராஜன் அண்ணாச்சியுடையது மட்டும் ‘கட்டுப்படியாகாது’ என்று எழுதியிருந்தது.

“அண்ணாச்சி குத்தாலத்துல குளிச்சிட்டிருக்காரு, போனை எடுக்கல,” என்றார் சங்க அலுவலகத்தில் செயலாளர் ரத்தினவேல். “சாயங்காலத்தோட வாக்கு முடியுது தாயி. பொண்ணு பாக்கப் போன எடத்துலயே மொதல்ல இதைத்தான் சொன்னாரு மனுசன்.”

“பொறவு?”

“அவங்க காப்பித் தம்ளரைத் திருப்பி எடுத்துட்டுப் போனதுமே சம்மதிச்சுட்டாரு.”

ஜெபக்கனி சிரித்துவிட்டாள். வளையலை விற்று வாங்கிய பாய்லர் வீட்டு வாசலில் காத்திருந்தது. அண்ணாச்சியின் பதிலாளுக்குப் போனில் ஒரு வரி அனுப்பினாள்: ‘சரிங்க அண்ணாச்சி, சாத்தூர் மார்க்கெட்டுல கூப்பிடுறாங்க, நான் அங்க பாத்துக்கிடுதேன்.’ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

“ஏம்மா, நில்லு!” ரத்தினவேல் திரையைப் பார்த்துக் கத்தினார். “‘என்ன அவசரம், உக்காரச் சொல்லுங்க’ன்னு எழுதுது!”

முதல் கூப்பாட்டுக்கே திரும்பினால் வியாபாரம் கெட்டுவிடும். அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.

“சரின்னு மாத்திப் போட்டுருச்சு! டீயில சீனி மட்டும் தூக்கலா இருக்கணுமாம்!”

ஜெபக்கனி திரும்பினாள்.

“போகட்டும், போட்டுருவோம்,” என்றாள், பெரிய நஷ்டத்துக்கு ஒத்துக்கொள்பவளைப் போல.