பயந்தாங்கொள்ளிக் குதிரை

சர்ச் விருந்தில், "சோள ரொட்டின்னா எங்க அக்கா கைப்பக்குவம்தான்!" என்று எல்லார் முன்னாலும் வெர்லின் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து மனைவி ஓபல் அவனிடம் பேசவில்லை. மகள் ஏற்பாடு செய்திருந்த குதிரைச் சவாரிக்கும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தாள்.

லாயக்காரி டாட்டி அவனைச் சாம்பல் நிறக் குதிரைமேல் ஏற்றிவிட்டாள். "இது பயந்தாங்கொள்ளிங்க. மனுஷக் குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா மிரண்டு ஓடிடும்."

காட்டுப் பாதையில் ஓபல் இன்னொரு குதிரையில் பக்கத்தில் வர, வெர்லின் தன் குதிரையிடம் மழையைப் பற்றிப் பேசினான். பைபிளில் தெரிந்த சங்கீதங்களை ஒப்பித்தான். எல்லாம் தீர்ந்தது. குதிரை தலையைச் சிலுப்பியது.

"ஓபல், ஏதாவது பேசேன்! தள்ளிவிடப் போகுது!"

"என்னத்தைப் பேச? உங்க அக்கா ரொட்டியைப் பத்தியா?"

"அதையே பேசு! திட்டு, பரவாயில்ல!"

ஓடை வரை திட்டினாள். ஓடைக்கரையில் அவன் மன்னிப்புக் கேட்டான். திரும்பும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

லாயத்தில் டாட்டியின் கையிலிருந்த தகர வாளி தடாலென்று விழுந்தது. வெர்லின் துள்ளினான். குதிரை அசையவே இல்லை.

டாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது பிறவிச் செவிடுங்க. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கிறதப் பார்க்க மனசு கேக்கல, அதான்..."

"பார்த்தியா ஓபல், நம்மள ஏமாத்திட்டா!"

"நம்மளையா? உன்னை மட்டும்தான்." ஓபல் கோட்டுப் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துக் குதிரைக்கு நீட்டினாள். "வாராவாரம் இதுக்குக் கேரட் கொடுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வழியெல்லாம் பேசின?"

"குதிரைக்குத்தானே காது கேக்காது? உனக்குக் கேக்கும்ல!"