நீலத் தூளி

மகள் பிறந்தபோது அமலன் நடுக்கடலில், கப்பல் வேலையில் இருந்தான். இன்றுதான் வீடு வந்து, கைகால் கழுவிவிட்டு, ஆசையாகத் தூளிமேல் குனிந்தான். வெள்ளைத் துணி மெல்ல நீலமானது. நோய்க்கிருமியுள்ள மூச்சு பட்டால் அது அப்படித்தான் மாறும்.

“லேசாத் தொண்டை கரகரப்புதானே, ரெஜினா?”

“ஒங்களுக்குக் கரகரப்பு. பச்சப்புள்ளைக்கு மூச்சே முட்டிரும். சரியாகுற வரைக்கும் தள்ளி நில்லுங்க,” என்றாள் மனைவி.

அவன் வாசற்படிக்குப் பின்வாங்கினான். துணி மறுபடி வெளுத்தது. குழந்தை சிணுங்கியது.

ரெஜினா கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைத் தூளியில் கட்டி, மறுமுனையை அவனிடம் எறிந்தாள்.

அவன் இழுத்துவிட்டான். தூளி அலைமேல் படகாக ஆடியது, சிணுங்கல் அடங்கியது. ஒவ்வோர் இழுப்பிலும் மகளின் சின்னஞ்சிறு கனம் கயிறு வழியே அவன் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.