சின்னக் கத்திரியின் உச்சந்தலை

தம்பியின் கையைப் பிடித்து இழுத்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். இழுத்ததில் வலி எனக்குத்தான். அவன் நோகாமல் உட்கார்ந்தான்.

காலை எட்டு மணி. சலூன் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. ஒன்பதுக்கு முதல் வாடிக்கையாளர் வருவார். வந்ததும் தம்பியைத்தான் கேட்பார்.

மாதம் பிறந்தால் அவன் தலையை நான் வெட்டுவேன், என் தலையை அவன் வெட்டுவான். கடை எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஆனால் மூன்று மாதமாக அவன் என் நாற்காலிக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு மாதம் தலைவலி. ஒரு மாதம் அவசர வேலை. போன மாதம், முடி வளர்க்கப் போகிறானாம். நாற்பத்தெட்டு வயதில்!

எனக்கா காரணம் தெரியாது? என் விரல்கள். வீங்கிப்போன கையை நம்பி யார் தலையைக் கொடுப்பார்கள்?

அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்தவை இரண்டு: இந்தக் கடை, சோரியாசிஸ். இரண்டையுமே தம்பி என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறான்.

தோலில் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்த நோய், இரண்டு வருடம் முன்பு இருவருக்குமே மூட்டுக்குள் இறங்கியது. ஒரே நாளில், ஒரே டாக்டர், ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் போட வேண்டும். அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும்.

தம்பி மாத்திரையைப் போட்டான். நான் டப்பாவுக்குள் இருந்த தாளைப் படித்தேன்.

கல்லீரல், நுரையீரல், வாய்ப்புண், வாந்தி. கடைசி வரிக்கு வருவதற்குள் அதில் பாதி எனக்கு வந்துவிட்டது. மாத்திரையே போடாமல் பக்கவிளைவு கண்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தவன், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

போன வாரம் டாக்டர் என் கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அரித்துப்போன எலும்பு திரும்பி வராது, மிச்சத்தையாவது காப்பாற்றலாம், இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் கத்திரி பிடிக்க முடியாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன், வாடகைக்கு வீடு பார்க்கப் போனவன் மாதிரி.

என் மோதிர விரல் இப்போது கத்திரி வளையத்துக்குள் நுழைவதில்லை. சுண்டுவிரலை நுழைத்து ஒப்பேற்றுகிறேன்.

அவன் விரல்களைப் பார்க்க வேண்டுமே. பென்சில் மாதிரி நேராக இருக்கும். அவன் கத்திரி போடுகிற சரக் சரக் சத்தம், என்னைப் பழிப்பதற்கென்றே போடுவது மாதிரி கேட்கும்.

வாடிக்கையாளர்கள் எங்களுக்கு வைத்த பெயர் பெரிய கத்திரி, சின்னக் கத்திரி. என் நாற்காலி காலியாகக் கிடக்கும்போதே, சின்னக் கத்திரிக்காகப் பெஞ்சில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கூப்பிட்டால், "பரவால்லண்ணே, பேப்பர் படிச்சிட்டிருக்கேன்" என்பார்கள். அது முந்தாநாள் பேப்பர்.

கூடப் பிறந்தவன் மேல் பொறாமைப்படக் கூடாதுதான். அடுத்த தெருக்காரன் மேல் என்றால் வீட்டுக்குப் போகிற வழியிலாவது ஆறும். இவனோ நாள் முழுக்க என் கண்ணாடிக்குள்ளேயே நிற்கிறான்.

துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, உச்சியில் சீப்பை வைத்தேன்.

சீப்பு வழுக்கிக்கொண்டு போனது.

வாரிவிட்டிருந்த முடியை விலக்கினேன். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"டேய், முடி கொட்டுதுடா! அந்த மாத்திரை ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

அண்ணன் பதற வேண்டிய இடத்தில் ஒரு கொண்டாட்டம் கேட்டது. எனக்கே கேட்டது.

அவன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீப்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"தெரியும்ண்ணே. ஞாயித்துக்கிழமை போட்டா திங்க மத்தியானம் வரைக்கும் குமட்டும். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், பாத்துக்கலாம்னார். உன்கிட்ட சொல்லியிருந்தா அதையே சாக்கா வெச்சு நீ போடவே மாட்டே."

திங்கட்கிழமைகளில் அவன் மத்தியானம்தான் கடைக்கு வருவான். தொழில் பெருகிய திமிர் என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

தலைவலி, அவசர வேலை, முடி வளர்ப்பு. என் கைக்குப் பயந்து ஓடுகிறான் என்றல்லவா இருந்தேன். அவன் பயந்தது என் கண்ணுக்கு.

சுண்டுவிரலை வளையத்துக்குள் நுழைத்தேன்.

பக்கங்களைக் குட்டையாக்கி, மேலே நீளத்தை விட்டு, அடுக்கடுக்காக முன்னால் தள்ளி வெட்டினேன். கால் மணி நேர வேலை. முக்கால் மணி ஆனது. இரண்டு முறை கத்திரி நழுவியது, அதில் ஒன்று அவன் காதுக்கு வெகு பக்கத்தில். அவன் தலையை அசைக்கவில்லை.

முடித்துவிட்டுப் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். அந்த இடம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவன் எழுந்தான். அவனுடைய நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் நல்ல அடர்த்தியான முடி. ஐம்பத்திரண்டு வயதில் அவனைவிட என்னிடம் அதிகமாக இருந்த ஒரே சொத்து.

அவன் என் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கொட்டுச்சுன்னா, இதே மாதிரி மறைச்சு வெட்டத் தெரியுமாடா உனக்கு?"