பின்சீட்டின் வெதுவெதுப்பு

தபீதாளின் ஹைபிரிட் காரில் பின்சீட்டுக்கடியில்தான் பேட்டரி. செவ்வாய், வியாழன், சனிகளில் டயாலிசிஸ் முடிந்ததும், கணவர் சத்தியநாதன் அந்தச் சீட்டில் சுருண்டு படுத்துத்தான் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்து சேருவார்.

அவர் இறந்து ஒரு வருடமாகிறது. கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனாலும் அந்த மூன்று நாட்களில் மட்டும் சீட் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரிக் கோளாறாகத்தான் இருக்கும் என்று மனதை அடக்கிக்கொண்டாள்.

தீப்பிடிக்கும் அபாயம் என்று கம்பெனி அந்த மாடல் கார்களின் பேட்டரியையெல்லாம் மாற்றியது. திங்களன்று மெக்கானிக் பொன்னுசாமி வந்து பழையதைக் கழற்றிக்கொண்டு போனார்.

வியாழன் சாயங்காலம் அவரே போன் செய்தார். "புது பேட்டரி வந்துடுச்சு மேடம். நாளைக்கே மாட்டிடலாமா?"

தபீதாள் பின்சீட்டில் கை வைத்தபடி நின்றிருந்தாள். அதே வெதுவெதுப்பு.

தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில், "அவசரமில்ல பொன்னுசாமி" என்றாள்.